தங்கையின் இத்தாலியமும் என் லத்தீனும்

என் தங்கை இத்தாலிய மொழி படிக்கத் தொடங்கியது ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, மாலை ஐந்தரை மணிக்கு. அன்று விடிந்ததிலிருந்து மழை. இதை நினைவிலிருந்து சொல்லவில்லை, நாட்குறிப்பைப் பார்த்துச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பத்தாறு வருடம் கிளாக்கராக இருந்தேன். கிழமையும் மணியும் எழுதப்படாத ஒன்று நடந்ததாகவே எனக்குத் தோன்றுவதில்லை.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது, எனக்கு ஐம்பத்தொன்பது. வட்டகொடைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் ஒரே லய வரிசையில், ஒரே காம்பராவில் பிறந்தோம். என்னைப் படிக்க வைத்தார்கள். அவளைப் பதினெட்டு வயதில் பேர் பதிந்து கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பினார்கள். இருபத்துநான்கு வருடம் பறித்தாள். கணவர் இறந்து, ஒரே பையனும் கொழும்புக்கு வேலைக்குப் போன பின், நுவரெலியாவில் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய், ஆறு வருடம் அங்கேயே தங்கினாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்தது. அதில் அவள் கெட்டிக்காரி என்று அந்த வீட்டார் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். சித்திரை வருடப்பிறப்பு முடிந்த வாரத்தில் அந்த அம்மா காலமானார். வீட்டைப் பூட்டினார்கள். தங்கை ஒரு பெட்டியோடு லயத்துக்குத் திரும்பினாள். வலது முழங்கால் மடக்கினால் நிமிர மறுத்தது. மறுபடி பேர் பதிந்து மலை ஏறினால் எத்தனை மாதம் தாங்குவாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் பலெர்மோவிலிருந்து செய்தி வந்தது. நுவரெலியா வீட்டில் அவளோடு சமையல் வேலை செய்த சிங்களத் தோழி ஒருத்தி நான்கு வருடத்துக்கு முன் அங்கே போயிருந்தாள். அவள் இருக்கும் தெருவிலேயே எண்பது தாண்டிய ஓர் அம்மா. நடக்க முடியாது. மகள் வேலைக்குப் போகிறவள். கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் தேவை. விசா சம்பந்தமான வேலைகளை அவர்களே பார்ப்பார்கள். ஒரே நிபந்தனை, அந்த அம்மாவுக்கு இத்தாலியத்தைத் தவிர வேறு மொழி தெரியாது, ஆகவே வருகிறவளுக்கு நாலு வார்த்தை பேசத் தெரிந்திருக்க வேண்டும். ஜூலைக் கடைசியில் மகள் வீடியோவில் பேசிப் பார்த்து முடிவு சொல்வாள்.

"நான் சொல்லிக் குடுக்கிறேன்" என்றேன்.

"ஒங்களுக்கு இத்தாலி தெரியுமாண்ணே?" என்றாள்.

எனக்கு இத்தாலியம் தெரியாது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். பதினோரு வருடத்துக்கு முன் நுவரெலியா நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் மேலட்டை இல்லாத ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். லத்தீன் மொழி எப்படி இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துக்கேயம், பிரெஞ்சு, ருமேனியம் என்று பிரிந்தது என்பதைச் சொல்லுக்குச் சொல் காட்டும் புத்தகம். மூன்று முறை முழுவதாகப் படித்திருந்தேன். வேர் தெரிந்தால் கிளை பிடிபடும் என்பது என் நம்பிக்கை. ஒரு பெரிய குறிப்பேட்டை எடுத்து, பக்கத்துக்கு ஆறு கட்டம் போட்டேன். இடது ஓரத்தில் லத்தீன், அதற்கடுத்து இத்தாலியம், பிறகு மற்ற நான்கும். இத்தாலிய உச்சரிப்பைக் கைத்தொலைபேசியில் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதினேன்.

தினமும் மாலையில் அவளுடைய காம்பராவுக்கு ஏறிப் போவேன். அவள் அடுப்புக்கு முன்னால், நான் கதிரையில். முதல் நாள் முதல் சொல்லாகக் 'காமெரா'வை வைத்தேன்.

"காமெரான்னா என்ன?"

"போட்டோ புடிக்கிறது."

"இத்தாலில அது அறை. லத்தீன்லயும் அதேதான். நம்ம லயத்துக் காம்பரா இருக்குல்ல, அதுவும் அந்தச் சொல்லுதான். போர்த்துக்கீசுக்காரன் வழியா வந்திருக்கு."

ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு யோசித்தாள். "அப்ப அங்கயும் பத்தடிக்குப் பன்னெண்டடிதானாண்ணே?"

அந்தத் தொடக்கம் எனக்கு உற்சாகம் கொடுத்தது. அடுத்த நாள் அந்தக் காம்பராவில் கண்ணுக்குத் தெரிந்த பொருளையெல்லாம் எழுதிக்கொண்டு போனேன். மேசை லத்தீன் 'மென்சா'. பேக்கரியில் வாங்கும் பாண் லத்தீன் 'பானிஸ்', இத்தாலியம் 'பானே'. அலமாரி 'அர்மாரியும்', இத்தாலியில் 'அர்மாதியோ'. ஜன்னலுக்கு மட்டும் அரை மணி நேரம் எடுத்தேன். லத்தீனில் ஜன்னல் 'ஃபெனெஸ்த்ரா'. இத்தாலிக்காரர் அதை 'ஃபினெஸ்த்ரா' என்று வைத்துக்கொண்டார்கள். ஸ்பானியர் காற்றைக் குறிக்கும் 'வெந்துஸ்' என்ற சொல்லிலிருந்து 'வெந்தானா' என்று புதிதாக உண்டாக்கினார்கள். போர்த்துக்கேயர் கதவைக் குறிக்கும் 'யானுவா'வைச் சிறிதாக்கி, சின்னக் கதவு என்ற பொருளில் 'ஜனெலா' என்றார்கள். நமக்குக் கிடைத்தது அந்தச் சின்னக் கதவு. இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவள் ரொட்டியும் சம்பலும் செய்து, சாப்பிட்டு, தட்டையும் கழுவி வைத்திருந்தாள்.

சாவியில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை. லத்தீன் 'க்ளாவிஸ்'. இத்தாலியர் நாவில் மெய்யெழுத்துக்குப் பின் வரும் 'ல' நெகிழ்ந்து இகரம் ஆகிவிடும், ஆகவே 'கியாவே'. சுடரைக் குறிக்கும் 'ஃப்ளம்மா' அதே முறையில் 'ஃபியம்மா'. செடியைக் குறிக்கும் 'ப்ளந்தா' 'பியந்தா'. போர்த்துக்கேயரிடம் அந்தத் தொடக்கம் பல சொற்களில் 'ச' ஆகிவிட்டது, 'சாவே'. அங்கிருந்து நம்முடைய சாவி.

"அண்ணே" என்றாள், "கெழவிக்கு மருந்து குடுக்கிற நேரத்துல சாவி எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்களா?"

"வேர் தெரிஞ்சா சொல்லு மறக்காது."

"கொழுந்து கிள்ளுறவளுக்கு வேரு எதுக்கு? வேரப் புடுங்கினா கங்காணி வெரட்டுவாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். பாடத்தை மாற்றவில்லை.

அவள் உண்மையாகவே கவனித்துக் கேட்டது ஒரு நாள்தான். ஜூலை இரண்டாம் வாரம், புதன்கிழமை. ரோமாபுரியில் படித்தவர்கள் எழுதிய லத்தீன் வேறு, சிப்பாய்களும் கூலிகளும் வண்டிக்காரர்களும் பேசிய லத்தீன் வேறு என்று சொன்னேன். எழுதியவர்கள் வீட்டை 'தோமுஸ்' என்றார்கள். 'காசா' என்றால் குடிசை. இன்று இத்தாலியில் வீடு என்றால் காசா. ஸ்பானியத்திலும் போர்த்துக்கேயத்திலும் காசா. குதிரைக்கு எழுத்தில் 'எக்குவுஸ்'. சுமை இழுக்கும் மட்டக் குதிரையைத்தான் 'கபல்லுஸ்' என்பார்கள். இன்று எல்லாக் குதிரையும் 'கவால்லோ'. 'தெஸ்தா' என்றால் மண்சட்டி. மண்டையைக் கேலியாகச் சட்டி என்று சொல்லப்போய், இத்தாலியில் தலைக்கே அதுதான் பேர். நெருப்புக்கு 'இக்னிஸ்' என்று ஓர் உயர்ந்த சொல் இருந்தது. அது போய்விட்டது. அடுப்பைக் குறித்த 'ஃபோகுஸ்' என்ற சொல்தான் ஐந்து மொழியிலும் நெருப்பு.

"அப்ப பெரிய மனுசன் பேசினது எதுவும் நிக்கலையா?"

"எழுத்துல நின்னுச்சு. வாயில நிக்கல."

"குடிசைக்காரன் பேச்சுதான் நின்னிருக்கு" என்று அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "ஃபுவோகோ" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இதற்கிடையில் அவள் தனியாகவும் படித்துக்கொண்டிருந்தாள் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பலெர்மோத் தோழி தினமும் ஒன்றிரண்டு குரல்பதிவு அனுப்புவாள். பாதி சிங்களம், பாதி இத்தாலியம். தங்கை அதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே விறகு பொறுக்குவாள், தண்ணீர் பிடிப்பாள், பதில் பேசி அனுப்புவாள். ஒரு நாள் அவள் சொன்ன வாக்கியத்தில் வினைச்சொல் தப்பு என்று திருத்தினேன். "அவளுக்கு வெளங்கிச்சே" என்றாள்.

ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை, நம் நேரப்படி மாலை நான்கு மணிக்கு வீடியோவில் பேசுவதென்று ஏற்பாடானது. லயத்துப் பக்கம் இணைப்பை நம்ப முடியாது. தலவாக்கலையில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா எனக்கு நெடுநாள் பழக்கம். தன் கடையின் பின்னறையைத் தந்தார். இரண்டரை மணி பஸ்ஸில் இறங்கினோம். தங்கை கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்தியிருந்தாள். நான் ஆபீஸ் காலத்துக் கறுப்புச் சப்பாத்தைப் போட்டிருந்தேன். போனை ஒரு கடதாசிக் கட்டின் மேல் சாய்த்து வைத்து, இரண்டு கதிரைகளை அருகருகே போட்டோம். குறிப்பேடு என் மடியில்.

நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு அந்த மகள் திரையில் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, கண்ணாடி. முகம் தெரிந்தவுடன் தங்கை எழுந்து நின்றுவிட்டாள். அதன் பிறகு அவள் உட்காரவில்லை.

அந்தப் பெண் பேர் கேட்டாள். நான் சொன்னேன். வயது கேட்டாள். சொன்னேன். நடக்க முடியாதவர்களைப் பார்த்துக்கொண்ட அனுபவம் உண்டா என்றாள். 'ஸேய் ஆன்னி', ஆறு வருடம், என்றேன். படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைக்கத் தெரியுமா என்று கேட்டது முழுதாக விளங்கவில்லை. ஆனாலும் 'ஸி' என்றேன். இந்த ஸி என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. லத்தீனில் ஆம் என்பதற்குத் தனிச் சொல் கிடையாது, 'அப்படியே' என்ற பொருள் தரும் 'ஸிக்'தான் இத்தாலியரிடம் ஸி ஆனது. அதையும் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. அந்த அளவுக்கு வார்த்தை கைவசம் இல்லாததால் காமெரா, காம்பரா விஷயத்தை மட்டும் முன்பே எழுதி வைத்த நான்கு வாக்கியத்தில் வாசித்தேன். அவள் புருவம் உயர்த்திச் சிரித்தாள். பிறகு என் தோளுக்கு மேலே பார்த்து ஏதோ கேட்டாள். அங்கே தங்கையின் சேலைக் கொசுவம் மட்டும்தான் தெரிந்திருக்கும். "அந்த அம்மா பேசுவாரா?" என்று கேட்கிறாள் என்று புரிந்தது. "ஸி, ஸி, பேசுவாள்" என்று நானே சொன்னேன்.

பதினோரு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. அன்றைய நாட்குறிப்பில் 'நன்றாக நடந்தது' என்று எழுதியிருக்கிறேன்.

வெளியே வந்தபோது நானா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "கிளாக்கரய்யா, நான் ஒன்னு கேக்கவா? இத்தாலிக்குப் போறது தங்கச்சியா, நீங்களா?"

"ஏன் நானா?"

"இல்ல, உள்ளுக்குள்ள உங்கட சத்தம் மட்டுந்தான் கேட்டிச்சு. அவ வந்தாவா இல்லயான்டே எனக்குத் தெரியல்ல."

தங்கை பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலை நான் ஏறிப் போனபோது அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். போனை என் பக்கம் நீட்டி, தோழியின் குரல்பதிவை ஒலிக்க விட்டாள். சிங்களம் எனக்கு நன்றாகத் தெரியும். தோழி தயங்கித் தயங்கித்தான் சொல்லியிருந்தாள். அந்த மகளுக்கு அண்ணனைப் பற்றி நல்ல அபிப்பிராயம். ரொம்பப் படித்தவர் போலிருக்கிறது என்றாளாம். ஆனால் வேலைக்கு வரப்போகிறவளின் முகத்தையே பார்க்கவில்லை, குரலைக் கேட்கவில்லை. அவளுக்குத்தான் வர விருப்பமா, அண்ணன் அனுப்பி வைக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. பகல் முழுக்க அம்மாவைத் தனியாக ஒருத்தியின் கையில் விட்டுப் போக வேண்டும். பேசாத ஒருத்தியிடம் எப்படி விடுவது? வேறொரு பெண்ணைப் பார்க்கலாமென்று இருக்கிறார்கள்.

"நீ ஏன் ஒரு வார்த்தையும் பேசல?" என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வியை அப்படியே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

"நான் பேசலையா? என்னக் கேட்டாங்க, நீங்க சொன்னீங்க."

"ஒனக்கு வெளங்கலயோன்னு நெனச்சேன்."

"எம் பேரு என்னன்னு கேட்டது எனக்கு வெளங்காதா? தூக்கி ஒக்கார வைப்பியான்னு கேட்டாங்களே, அது ஒங்களுக்குத்தான் வெளங்கல. எனக்கு வெளங்குச்சு. கக்கத்துல கை குடுத்துத் தூக்கணும், முதுகப் புடிச்சு இழுக்கக் கூடாதுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே. எந்திரிச்சு நின்னுக்கிட்டு இருந்தா அவங்களுக்கு எப்படி மூஞ்சி தெரியும்?"

அப்போதுதான் குரலை உயர்த்தினாள். "கிளாக்கரய்யா பேசுறப்ப நாங்க என்னைக்கு ஒக்காந்திருக்கோம்? என்னைக்குக் குறுக்க பேசியிருக்கோம்? இருவத்தி நாலு வருஷம் அந்த ஆபீஸ் ஜன்னலுக்கு வெளிய நின்னேன். உள்ள நீங்க இருந்தீங்க."

கிளாக்கரய்யா என்று அவள் என்னை வீட்டில் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

தோட்டத்தைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். லீவுக்கோ, பிள்ளைப்பேற்றுக்கோ, கூரை ஒழுகுகிறதென்றோ தொழிலாளி ஆபீசுக்கு வந்தால் உள்ளே வரமாட்டார். ஜன்னலுக்கு வெளியே நிற்பார். துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், உள்ளே மேசையில் இருப்பார். துரை கேட்பதைக் கிளாக்கர் திருப்பிக் கேட்பார், சொல்வதைக் கிளாக்கர் ஒழுங்குபடுத்தித் துரைக்குச் சொல்வார். துரை தமிழ் பேசத் தெரிந்த ஆளாக இருந்தாலும் அப்படித்தான். துரை நேராகவே ஏதாவது கேட்டால்கூட, ஜன்னலுக்கு வெளியே இருப்பவர் என் முகத்தைத்தான் பார்ப்பார். "சொல்லுங்கய்யா" என்பார். நான் சொல்வேன். முப்பத்தாறு வருடத்தில் எத்தனை பேருக்காகப் பேசியிருக்கிறேன் என்று கணக்கில்லை. உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். பல நேரம் அது உதவியாகவும் இருந்தது. தங்கையின் பிள்ளைப்பேற்று லீவுக்கும் அப்படித்தான் பேசினேன். அன்று அவள் வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்றாள், நான் மற்றவர்களிடம் பேசியதைப் போலவே அவளிடமும் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பின்னறையில் திரை ஒளிர்ந்தவுடன் அவள் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றிருக்கிறாள். நான் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பேரும் யோசித்துச் செய்யவில்லை.

"இனி என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"அந்த மககிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பாக்கச் சொல்லி அவளுக்கு அனுப்பிட்டேன். நீங்க வர்றதுக்கு முந்தியே."

புதன்கிழமை பதில் வந்தது. வியாழன் மாலை ஐந்தரைக்கு, பலெர்மோவில் மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில், பத்து நிமிடம் பேசலாம். அண்ணன் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. தங்கைதான் சொன்னாள்.

புதன் இரவுக்குள் என்ன படிக்க வேண்டுமென்று அவளே முடிவு செய்தாள். என் குறிப்பேட்டை வாங்கி, பேனையால் லத்தீன் கட்டத்தின் மேல் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தாள். ஸ்பானியம், போர்த்துக்கேயம், பிரெஞ்சு, ருமேனியம் எல்லாவற்றின் மேலும் அதே மாதிரி ஒரு கோடு. ஏழு வாரம் ஒரு சொல் விடாமல் நிரப்பிய பக்கங்கள். எனக்கு வலித்தது. மிச்சமிருந்த இத்தாலியக் கட்டத்திலும் பாதிக்கு மேல் அடித்தாள். ஜன்னல் போயிற்று, அலமாரி போயிற்று, குதிரை போயிற்று. அவள் வட்டம் போட்டு வைத்தவை இவை: தண்ணீர், கட்டில், கை, கால், முதுகு, வலி, தூக்கம், சூடு, குளிர், மெதுவாக. குறிப்பேட்டில் இல்லாத சிலவற்றைத் தோழியிடமிருந்து கேட்டு அடியில் எழுதினாள். ஈரம், புண், இடது பக்கம், வலது பக்கம், பயப்படாதீங்க.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சொற்களைப் புத்தகத்தில் ஒவ்வொன்றாகத் தேடினேன். கை, லத்தீன் 'மானுஸ்', இத்தாலியம் 'மானோ'. கட்டில் 'லெக்துஸ்', 'லெத்தோ'. வலி 'தோலோர்', 'தோலோரே'. தூங்குவது 'தொர்மீரே', அங்கும் இங்கும் ஒரே சொல். இரண்டாயிரம் வருடத்தில் மாறியது இவ்வளவுதான். மெதுவாக என்பதற்கு அவர்கள் சொல்லும் 'பியானோ', சமமான தரை என்று பொருள்படும் 'ப்ளானுஸ்'. அதே புத்தகத்தில், மூன்று முறை படித்தும் நின்று யோசிக்காத ஓர் இடம் கண்ணில் பட்டது. ஊரெல்லாம் இத்தாலியம் போலவும் பிரெஞ்சு போலவும் பேசத் தொடங்கிப் பல நூறு வருடம் ஆன பிறகும், ஆவணம் எழுதுகிறவர்கள் லத்தீனிலேயே எழுதிக்கொண்டிருந்தார்களாம். காணி விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் தாங்கள் சொன்னதாக எழுத்தர் எழுதியது என்னவென்று விளங்காது. விரலை வைத்து அடையாளம் காட்டிவிட்டுப் போவார்கள். அந்தப் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்துவிட்டுப் படுத்தேன்.

வியாழன் மழை இல்லை. லயத்துக்கு மேலே தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில் ஒரு தட்டைப் பாறை உண்டு. தோட்டத்துப் பெண்கள் வெளிநாட்டில் இருக்கிறவர்களோடு பேச அங்கேதான் ஏறுவார்கள், அந்த இடத்தில் இணைப்பு நிற்கும். தங்கை ஐந்து மணிக்கே ஏறினாள். பாறையில் உட்கார்ந்து, எதிரே ஒரு தேயிலைச் செடியின் கவையில் போனைச் செருகி, முகம் தெரிகிறதா என்று இரண்டு மூன்று தடவை பார்த்துக்கொண்டாள். வீட்டில் உடுத்தும் சேலைதான். நான் கீழே ரோட்டு வளைவில் நின்றேன். அங்கிருந்து அவளைப் பார்க்கலாம், பேசுவது கேட்காது.

ஐந்து முப்பத்துமூன்றுக்குக் கையைக் குவித்து வணக்கம் சொன்னாள். எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கைகள் மடியிலேயே இருந்தன. தலையை மட்டும் ஆட்டினாள். அவள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறாளோ என்று எனக்குப் பதைத்தது. ஏதாவது விளங்கவில்லையென்றால் ஓடிப் போய்ச் சொல்லலாமா என்று இரண்டு அடி ஏறியும் விட்டேன். அப்போது அவள் கைகள் எழுந்தன. எதிரே ஓர் ஆள் படுத்திருப்பது போல் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கக்கத்துக்குக் கீழே கொடுத்துத் தன் மார்போடு அணைத்து, மெதுவாகத் தூக்கினாள். வலது தோளை ஒரு பக்கம் சாய்த்து ஆளைப் புரட்டிக் காட்டினாள். தன் குதிகாலைத் தொட்டு, இடுப்பைத் தொட்டு, அந்த இடங்களில்தான் புண் வரும் என்று சொன்னதாக நான் ஊகித்தேன். பிறகு சிரித்தாள். போனுக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்து, காது மந்தமானவரிடம் பேசுவது போல் வாயை அகலத் திறந்து பேசினாள்.

நான் இருந்த இடத்திலேயே நின்றேன். கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிய இரண்டு பெண்கள், "என்னங்கய்யா, யாருக்குக் காவல் நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பத்து நிமிடம் என்றவர்கள் இருபத்தாறு நிமிடம் பேசினார்கள். அவள் போனைச் செடியிலிருந்து எடுத்து, சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கவாட்டில் காலை வைத்துக் கவனமாக இறங்கி வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"வரச் சொல்றாங்க. நாளைக்கே பாஸ்போட்டுக் கொப்பி அனுப்பணுமாம்."

இதைச் சொல்லிவிட்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கழித்து அவளாகவே சொன்னாள். மகளோடு ஐந்தாறு நிமிடம்தான் பேச்சு. பிறகு அந்த மகள் போனைக் கொண்டுபோய் அம்மாவின் கட்டிலில் வைத்துவிட்டாள். மிச்ச நேரமெல்லாம் அந்த அம்மாதான் பேசினாராம். தூக்கும்போது எல்லாரும் அவசரப்படுகிறார்கள், தோள் வலிக்கிறது என்றாராம். பாதி விளங்கவில்லையாம். "எங்க நோவுதுன்னு காட்டுங்கன்னு சொன்னேன். காட்டினாங்க. அப்பறம் எல்லாம் வெளங்கிச்சு."

"தப்பில்லாமப் பேசினியா?"

"நெறையத் தப்பு" என்றாள் சாதாரணமாக. "அவங்க திருத்தினாங்க. நான் திரும்பச் சொன்னேன்."

கீழே நானுஓயாப் பக்கம் போகிற ரயில் சுற்றி வருவது கேட்டது. அவள் ஏதோ நினைத்துச் சிரித்தாள்.

"அந்தம்மா கேட்டாங்க, அன்னைக்குப் பக்கத்துல ஒக்காந்து பேசின ஆளு யாருன்னு. மக அவங்ககிட்ட சொல்லியிருக்கா போல."

"என்ன சொன்ன?"

"மியோ ஃப்ரதெல்லோன்னேன்."

"அவ்வளவுதானா?"

"நல்ல மனுசன்தான், பேச்சுதான் கொஞ்சம் கூடன்னு சொல்ல நெனச்சேன். வார்த்தை தெரியல. கையால காட்டினேன்." விரல்களைக் கோழி அலகு போலச் சேர்த்துச் சேர்த்துப் பிரித்துக் காட்டினாள். "அந்தம்மாவுக்கு நல்லா வெளங்கிருச்சு."

ஃப்ரதெல்லோ லத்தீன் 'ஃப்ராத்தேர்' என்பதிலிருந்து வந்தது. இத்தாலியர் அந்தச் சொல்லை நேராக எடுக்காமல், செல்லமாகக் குறுக்கிச் சொன்ன வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே எவ்வளவு மூத்தவனாக இருந்தாலும் இத்தாலியில் அண்ணன் ஒரு சின்னச் சகோதரன்தான். ஸ்பானியர் அதை விட்டுவிட்டு, கூடப் பிறந்த என்ற பொருள் தரும் வேறொரு சொல்லிலிருந்து தங்கள் சொல்லை எடுத்தார்கள். இது முழுவதும் என் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

"சரி" என்றேன்.

அவள் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். பாஸ்போட்டு பெட்டிக்கு அடியில் எங்கோ கிடக்கிறது, இருட்டுவதற்குள் தேடி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள்.